வரத்தும் போக்கும்: டர்போவுக்குக் கடிவாளம் போட்ட கதை

(இயந்திரப் பொறியியல் துறை முன்னாள் மாணவர்)



"டெக்னிக்கலா ஏதாவது எழுதிக் குடுங்க. ஆனா குடும்பத்தோட வர்றவங்களும் படிக்கிற மாதிரி இருக்கணும்" என்று மலர்க் குழுவினர் கேட்டுக்கொண்டார்கள். இன்ஜின் வேலையில் இருக்கும் என்னிடம் இப்போது பேராவூரணிப் பக்கத்துப் பையன்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "அண்ணே, சைலென்சர் பைப்பை மாத்தினேன். அதுக்கப்புறம் பூஸ்ட் தானா ஏறிக்கிட்டே போகுது. என்னண்ணே காரணம்?" இந்தக் கோளாறுக்கு ஆங்கிலத்தில் 'பூஸ்ட் க்ரீப்' என்று பெயர். தமிழில் 'ஊர்ந்தேறும் அழுத்தம்' என்று சொல்லலாம். (பூஸ்ட் என்றதும் கபில்தேவும் சச்சினும் விளம்பரத்தில் குடித்த பானம் நினைவுக்கு வந்தால் தவறில்லை. இங்கே அது, காற்றை வலுக்கட்டாயமாக இன்ஜினுக்குள் திணிக்கும் அழுத்தம்.)

டர்போவின் வரலாற்றை எல்லோரும் சக்தியின் வரலாறாகத்தான் எழுதுகிறார்கள். இத்தனை குதிரைத்திறன் கூடியது, இத்தனை மைல் வேகம் போனது என்று. என் கணக்கில் அது அடக்கத்தின் வரலாறு. காற்றை உள்ளே திணிக்கும் வழியை 1905-லேயே கண்டுபிடித்துவிட்டார்கள். மிஞ்சியதை வெளியே விடும் வழியைச் சரிப்படுத்தத்தான் அதற்குப் பிறகு முக்கால் நூற்றாண்டு பிடித்தது. அதை மறக்கிறவர்களின் இன்ஜின் இன்றைக்கும் உருகுகிறது.

நம் தண்டவாளத்தில் ஓடிய டர்போ

டர்போ என்றதும் பந்தயக் கார் ஞாபகம் வரும். ஆனால் நம் ஊர்க்காரர்கள் பலர் முதன்முதலில் கேட்ட டர்போ சத்தம் ரயிலில்தான். காரைக்குடி–திருவாரூர் மீட்டர் கேஜ் பாதையில் நீராவி இன்ஜின்கள் போன பிறகு வந்தவை ஒய்.டி.எம்.-4 டீசல் இன்ஜின்கள். அமெரிக்க ஆல்கோ கம்பெனியின் வடிவமைப்பு. 1960-களின் தொடக்கத்தில் இறக்குமதியாக வந்து, 1968 முதல் வாரணாசியிலும் தயாரானது. ஆறு சிலிண்டர், சுமார் 1,400 குதிரைத்திறன். நம் பக்கம் வந்தவற்றுக்குத் தாய்வீடு திருச்சி பொன்மலை ஷெட்.

ஸ்டேஷனை விட்டுக் கிளம்பும்போது அந்த இன்ஜின் கன்னங்கரேலென்று புகை கக்குமே, ஞாபகம் இருக்கிறதா? "எண்ணெய் சரியில்ல" என்று பெரியவர்கள் சொல்வார்கள். உண்மைக் காரணம் டர்போ. டிரைவர் நாட்சைக் கூட்டியதும் டீசல் உடனே சிலிண்டருக்குப் போய்விடுகிறது. டர்போ சுழன்று வேகமெடுத்துக் காற்றைக் கொடுக்கச் சில நொடிகள் ஆகின்றன. அதுவரை பாதி எரிந்த டீசல்தான் அந்தக் கரும்புகை.

டர்போ என்பது ஒரே தண்டின் இரண்டு முனையில் இரண்டு விசிறிச் சக்கரம், அவ்வளவுதான். ஒரு பக்கச் சக்கரத்தை, புகையாக வெளியே போகும் சூடான வாயு சுற்றுகிறது. அது சுற்றினால் மறுபக்கச் சக்கரமும் சுற்றி, வெளிக்காற்றை இழுத்து அமுக்கி இன்ஜினுக்குத் தருகிறது. வீணாகப் போகிற வாயுவே வேலைக்காரன். காற்று அதிகம் வந்தால் எரிபொருள் அதிகம் எரிக்கலாம். வாயு இன்னும் அதிகம் வரும். சக்கரம் இன்னும் வேகமாகச் சுற்றும். தன்னைத்தானே வளர்த்துக்கொள்ளும் வட்டம் இது. இதற்கு ஒரு அணை வேண்டாமா?

ரயில் இன்ஜினுக்கு அப்படித் தனியாக ஒன்று தேவைப்படவில்லை. அது நிமிஷத்துக்கு அதிகபட்சம் ஆயிரம், ஆயிரத்து நூறு சுற்றுதான் ஓடும். அந்தச் சிறிய எல்லைக்குப் பொருந்துகிற அளவில் டர்போவைச் செய்துவிட்டார்கள். கார் இன்ஜின் அப்படியல்ல. 800 சுற்றில் நின்றுகொண்டிருக்கும், அடுத்த நிமிஷம் 6,500-ல் ஓடும். சிக்கல் அங்கேதான் பிறக்கிறது.

மலையுச்சியில் ஒரு சோதனை

ஆல்ஃபிரட் பூச்சி என்ற சுவிட்சர்லாந்துப் பொறியாளர் 1905-ல் இந்த எண்ணத்துக்குக் காப்புரிமை பெற்றார். முதல் உலகப் போரில் விமானங்கள் உயரே போகப்போக, காற்று மெலிந்து இன்ஜின்கள் திணறின. பிரான்சில் ரட்டோ என்பவர் விமான இன்ஜினில் டர்போவைப் பொருத்திப் பார்த்தார். அமெரிக்காவில் ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனியின் சான்ஃபோர்டு மாஸ் 1918-ல் ஒரு லிபர்ட்டி விமான இன்ஜினை லாரியில் ஏற்றி, 14,109 அடி உயரமுள்ள பைக்ஸ் பீக் மலையுச்சிக்கே கொண்டுபோனார். தரைமட்டத்தில் 350 குதிரைத்திறன் தந்த இன்ஜின், உச்சியில் 230 ஆகச் சோர்ந்துபோயிருந்தது. டர்போவை மாட்டினார். 356 வந்தது! இழந்தது முழுக்கத் திரும்பியது.

கூடவே இன்னொரு பாடமும் வந்தது. உயரத்துக்கு ஏற்றபடி செய்த டர்போ, தரையருகே அடர்ந்த காற்றில் ஓடினால் அளவுக்கு மீறி அமுக்கி இன்ஜினை உடைத்துவிடும். ஆகவே சக்கரத்துக்குப் போகும் வாயுவில் ஒரு பகுதியைச் சக்கரம் தொடாமலே வெளியே அனுப்பும் கதவு ஒன்று அவசியம். அதுதான் 'வேஸ்ட்கேட்'. பெயரில் 'வீண்' இருந்தாலும் வீணான கதவல்ல, இன்ஜினின் உயிர்க்கதவு. முதலில் விமானி கையால் இயக்கினார். இரண்டாம் உலகப் போரின் பி-17 குண்டுவீச்சு விமானங்களில் முதலில் எண்ணெய் அழுத்தத்தாலும், பிறகு மின்னணு முறையாலும் தானே இயங்கும்படி மாற்றினார்கள்.

1962: ஒரே கம்பெனி, இரண்டு வழி

காருக்கு டர்போ வந்தது 1962-ல். அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி அந்த ஒரே ஆண்டில் இரண்டு டர்போ கார்களைக் கொண்டுவந்தது. இரண்டும் இரண்டு வழி.

ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர் காரில் வேஸ்ட்கேட் இருந்தது. அழுத்தம் சுமார் 5 பவுண்டு. இன்ஜினுக்குள் வெடியோசை வராமலிருக்கத் தண்ணீரும் மெத்தனாலும் கலந்த திரவத்தைத் தனித் தொட்டியில் வைத்துப் பீய்ச்சினார்கள். வாங்கியவர்கள் தொட்டியை நிரப்ப மறந்தார்கள், புகார்கள் குவிந்தன. கடைசியில் கம்பெனியே டர்போவைக் கழற்றிக் கொடுக்க முன்வந்தது.

செவர்லே கார்வேர் காரில் வேஸ்ட்கேட்டே கிடையாது. சைலென்சரின் நெருக்கமும் கார்புரேட்டரின் ஒடுக்கமும் சேர்ந்து அழுத்தத்தை ஓர் அளவுக்குமேல் ஏறவிடாமல் பிடித்துவைத்தன. மலிவான உபாயம்தான். ஆனால் யாராவது சைலென்சரை மாற்றித் தாராளமான குழாய் போட்டால் என்ன ஆகும்? வாயு தடையில்லாமல் பாயும், சக்கரம் வேகமெடுக்கும், அழுத்தம் ஏறும். தம்பி கேட்ட கேள்விக்குப் பதில் அறுபது வருஷத்துக்கு முந்தைய காரிலேயே இருக்கிறது.

1973-ல் பி.எம்.டபிள்யூ. 2002 டர்போ, 1974-ல் போர்ஷே 911 டர்போ. 1977-ல் ஸ்வீடனின் சாப் கம்பெனி தன் 99 டர்போவைக் காட்டியபோதுதான் அன்றாடக் காருக்கு வழி பிறந்தது. பெரிய டர்போவை வைத்துவிட்டு அது விழிக்கும்வரை காத்திராமல், சிறிய டர்போவை வைத்தார்கள். குறைந்த வேகத்திலேயே இழுவை வந்துவிடும். அதிக வேகத்தில் மிஞ்சுவதை வேஸ்ட்கேட் பார்த்துக்கொள்ளும். இன்று நம் தெருவில் நிற்கும் டர்போ பெட்ரோல் கார் ஒவ்வொன்றும் இந்த வழியில் வந்த வாரிசு. அதனால்தான் அதில் வேஸ்ட்கேட்டின் பொறுப்பு இவ்வளவு பெரியது.

பந்தய உலகத்திலும் இதே கதைதான். 1977-ல் ரெனோ கம்பெனி ஃபார்முலா ஒன்னுக்கு டர்போவைக் கொண்டுவந்தது. பத்து வருஷத்தில் சக்தி கைமீறிப் போய்விட்டது. 1987-ல் ஒவ்வொரு டர்போ காரிலும் அழுத்தம் 4 பாரைத் தாண்டினால் திறந்துகொள்ளும் வால்வைப் பொருத்த வேண்டும் என்று விதி வந்தது. 1988-ல் அதை 2.5 பாராகக் குறைத்தார்கள். அப்படியும் அந்த ஆண்டு 16 பந்தயத்தில் 15-ஐ ஹோண்டா டர்போ பூட்டிய மெக்லாரன் வென்றது! 1989-ல் டர்போவுக்கே தடை. (2014-ல் திரும்ப வந்தது வேறு கதை.)

கலிங்கு சிறிதானால்

இனி நம் விஷயத்துக்கு வருவோம். ஊர்ந்தேறும் அழுத்தத்தைப் புரிந்துகொள்ளக் கடைமடைக்காரர்களுக்குப் பாடப்புத்தகம் தேவையில்லை, குளம் போதும்.

குளத்துக்கு வரத்து வாய்க்கால் உண்டு. பாசன மதகு உண்டு. நிறைந்தால் மிச்சம் வழியக் கலிங்கு உண்டு. மழை சாதாரணமாக இருக்கும்வரை கலிங்கு வழிந்து, மட்டம் ஒரே அளவில் நிற்கும். ஐப்பசி அடைமழையில் வரத்து மூன்று மடங்காகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கலிங்கு முழுக்கத் திறந்துதான் இருக்கிறது, யாரும் அடைக்கவில்லை. ஆனாலும் மட்டம் ஏறுகிறது. காரணம், கலிங்கின் அகலம் போதவில்லை. கொஞ்ச நேரத்தில் கரை உடைகிறது.

இன்ஜினில் வரத்து என்பது வெளியேறும் வாயு. பாசன மதகு, டர்போவின் சக்கரம். கலிங்கு, வேஸ்ட்கேட். வேஸ்ட்கேட்டை 7 பவுண்டில் திறக்கும்படி வைத்திருக்கிறோம். 3,000 சுற்றில் 7 காட்டுகிறது. 4,500-ல் 8. 5,500-ல் 10. 6,500-ல் 13. கதவு முழுக்கத் திறந்திருக்கிறது, ஆனாலும் முள் ஊர்ந்துகொண்டே போகிறது. இதுதான் பூஸ்ட் க்ரீப்.

இதோடு குழப்பிக்கொள்ளக்கூடிய இரண்டு கோளாறுகள் உண்டு. ஆக்சிலேட்டரை மிதித்தவுடன் முள் ஒரு துள்ளல் துள்ளி உடனே இறங்கினால் அது 'ஸ்பைக்'. கதவு திறக்கச் சற்றுத் தாமதமாகிறது என்று அர்த்தம். எந்தச் சுற்றிலும் நிற்காமல் நேராக மேலே போனால், கதவே திறக்கவில்லை. ஆக்சுவேட்டருக்குப் போகும் சிறிய ஹோஸ் கழன்றிருக்கும், அல்லது டயஃப்ரம் கிழிந்திருக்கும். சுற்றோடு சேர்ந்து மெதுவாக ஏறினால் மட்டுமே க்ரீப். நோய் மூன்று, மருந்தும் மூன்று.

இன்னொரு விநோதம் சொல்கிறேன், பரீட்சையில் கேட்டால் பலர் தப்பாக எழுதுவார்கள். அதிக பூஸ்ட் வைக்கிறவருக்குப் பெரிய வேஸ்ட்கேட் வேண்டுமா, குறைந்த பூஸ்ட் வைக்கிறவருக்கா? குறைந்த பூஸ்ட் வைக்கிறவருக்குத்தான்! அதே டர்போவில் அழுத்தத்தைத் தாழ்வாக வைக்க, சக்கரத்துக்குப் போகாமல் திருப்பிவிட வேண்டிய வாயுவின் பங்கு அதிகம். குளத்து மட்டத்தைத் தாழ்வாகவே வைத்திருக்க அகலமான கலிங்கு வேண்டும் என்பது மாதிரி.

தமிழ்நாட்டில் டர்போ

இது ஏதோ வெளிநாட்டுச் சமாச்சாரம் என்று நினைக்க வேண்டாம். டி.வி.எஸ். குழுமத்தைச் சேர்ந்த டர்போ எனர்ஜி நிறுவனம் 1982-ல் ஜெர்மனியின் கே.கே.கே. கம்பெனித் தொழில்நுட்பத்தோடு தமிழ்நாட்டில் தொடங்கியது. புலிவலத்தில் அதன் ஆலை. (நம் திருவாரூர் பக்கத்துப் புலிவலம் அல்ல, பாணாவரம் பக்கம்.) 1990-களில் டர்போ லாரிகள் சாலையில் பெருகின. புகைக் கட்டுப்பாட்டு விதிகள் 2000-லிருந்து இறுக இறுக, டீசல் வண்டிகளுக்கு டர்போ தவிர்க்க முடியாததாயிற்று. 2002-ல் இருங்காட்டுக்கோட்டையில் தயாரான ஹூண்டாய் ஆக்சென்ட் சி.ஆர்.டி.ஐ. காரில் மூன்று சிலிண்டர் டர்போ டீசல். 2013-ல் மறைமலைநகர் ஃபோர்டு ஆலையின் எக்கோஸ்போர்ட்டில் ஒரு லிட்டர் பெட்ரோல் டர்போ இன்ஜினையும் தந்தார்கள். 2022-ல் அங்கே கார் உற்பத்தி நின்றுபோனாலும், ஒரு லிட்டர் டர்போ என்ற எண்ணம் நிலைத்துவிட்டது.

டர்போ வீட்டுக்கு வந்ததும், கைவைக்கும் ஆசையும் கூடவே வந்தது. சில வருடங்களுக்கு முன் இப்படி ஒரு கார் பார்வைக்கு வந்தது. உரிமையாளர் இருபத்துநாலு வயதுப் பையன். வெளியூர் ஒர்க்ஷாப் ஒன்றில் அகலமான குழாய் போட்டு, இன்ஜின் கம்ப்யூட்டரில் இருந்த அதிக அழுத்தக் காப்பையும் நீக்கியிருந்தார்கள். கோடையில் ஒன்றும் தெரியவில்லை. மார்கழி விடியற்காலையில், குளிர்ந்த அடர்காற்றில், புதுக்கோட்டை சாலையில் அழுத்தி ஓட்டியபோது ஒரு பிஸ்டன் உடைந்தது. பிரித்துப் பார்த்தால், புதுக் குழாயின் வாய் வேஸ்ட்கேட் தட்டை இடித்துக்கொண்டிருந்தது. தட்டு பாதிக்குமேல் திறக்கவே வழியில்லை. நடுவில் முள் ஏறுவதைப் பார்த்துவிட்டு பையன் ஆறாயிரம் ரூபாய்க்கு 'பூஸ்ட் கன்ட்ரோலர்' வேறு வாங்கி மாட்டியிருந்தார். அந்தக் கருவி கதவை எப்போது திறக்கலாம் என்று சொல்லும். கதவின் அகலத்தை அதனால் கூட்ட முடியாது. பாவம், அப்பா தென்னந்தோப்பு வருமானத்தில் வாங்கித் தந்த கார் அது.

கண்டுபிடிப்பதும் தடுப்பதும்

முதலில் ஒரு நல்ல பூஸ்ட் மீட்டர். எந்தச் சுற்றில் எவ்வளவு என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஆக்சுவேட்டர் கம்பியைக் கழற்றி, வேஸ்ட்கேட் தட்டை முழுக்கத் திறந்த நிலையில் கட்டிவைத்து, டைனோ மேடையில் கவனமாக ஓட்டிப் பாருங்கள். அப்போதும் சுற்றோடு அழுத்தம் ஏறினால் சந்தேகமே வேண்டாம், கலிங்கு போதவில்லை. அந்த அமைப்பில் அதற்குக் கீழே எந்த ஸ்பிரிங்காலும் இறக்க முடியாது. மெலிந்த ஸ்பிரிங் போட்டுப் பார்ப்பது வீண்வேலை.

அடுத்து, தட்டு எவ்வளவு கோணம் திறக்கிறது, குழாய் இடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். பாதிக் கோளாறு இங்கேயே தீர்ந்துவிடும். அப்புறம் துவாரம். அதை அகலப்படுத்தி, கூரான விளிம்பை வளைவாக இழைத்து, அதற்கேற்ற பெரிய தட்டு போடலாம். சுவரின் கனம் எவ்வளவு என்று அளக்காமல் கிரைண்டரை எடுக்கக் கூடாது. 1990-களில் அமெரிக்காவில் மிட்சுபிஷி எக்லிப்ஸ் கார்களுக்கு அகலக் குழாய் போட்டவர்கள் இதே நோயைச் சந்தித்து, இதே வைத்தியத்தைத்தான் செய்தார்கள்.

அதுவும் போதாவிட்டால் தனி வேஸ்ட்கேட். 38, 44 மில்லிமீட்டர் என்று அளவுகளில் கிடைக்கும். இதில் அளவைவிட இடம் முக்கியம். எல்லா சிலிண்டர் வாயுவும் ஒன்றுசேரும் இடத்தில், வாயு போகும் திசையை ஒட்டிச் சாய்வாக வைக்க வேண்டும். செங்குத்தாகத் திரும்பித்தான் நுழைய வேண்டும் என்றால் வாயு திரும்பாது, நேரே சக்கரத்துக்குத்தான் போகும். ஆற்றிலிருந்து வாய்க்கால் பிரிக்கிறவர் தலைமதகை எந்தக் கோணத்தில் வைப்பார் என்று யோசித்தால் போதும்.

சாலையில் ஓடும் வண்டிக்கு இதையெல்லாம்விட எளிய வைத்தியம், கம்பெனி கொடுத்த குழாயையே திரும்ப மாட்டுவது. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவும் கம்பெனி வடிவமைப்பை மாற்றக் கூடாது என்றுதான் சொல்கிறது.

நம் விவசாய நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. அறுவடை மிஷினிலும் லாரியிலும் "பிக்கப் வரலியா, அந்தச் சின்ன ஹோஸைப் புடுங்கி உட்டுரு" என்று சொல்கிறவர்கள் உண்டு. அது கலிங்கையே மண்ணைக் கொட்டி அடைப்பது. இரண்டு நாள் நன்றாக இழுக்கும். பிறகு சம்பா அறுவடை நடுவில் ஹெட் கேஸ்கட்டோ டர்போவோ போய், மிஷின் வயலில் நிற்கும். கதிர் மழையில் சாயும். வேஸ்ட்கேட்டுக்குப் பதில் நகரும் இறகுகள் கொண்ட புதிய டீசல் டர்போக்களில் கரி அடைத்து இறகு சிக்கிக்கொண்டாலும் அழுத்தம் மீறும். அப்போது கம்ப்யூட்டர் சக்தியைக் குறைத்து எச்சரிக்கை விளக்கைப் போடும். அதைக் கோளாறு என்று நினைத்து அணைக்கச் சொல்லாதீர்கள். அதுதான் காவல்காரன்.

முடிவாக

நம் டெல்டாவைக் கட்டியவர்களுக்கு இந்த இலக்கணம் தெரிந்திருந்தது. பாசனத்துக்குக் காவிரி, வெண்ணாறு, வெள்ளத்துக்குக் கொள்ளிடம். 1934-ல் மேட்டூர் அணை முடிந்தபோது அதோடு சேர்ந்த திட்டமாக வந்த கல்லணைக் கால்வாய், அதாவது நம்ம புது ஆறு, கடைமடையான நம் ஊர்வரை தண்ணீர் கொண்டுவந்ததும் அந்த ஏற்பாட்டை நம்பித்தான். வெள்ளத்தைத் தாங்கும் கதவும் பராமரிப்பு கேட்கும் என்பதை 2018 ஆகஸ்டில் முக்கொம்பில் கொள்ளிடக் கதவுகள் ஒன்பது அடித்துக்கொண்டு போனபோது பார்த்தோம். அடுத்த ஆண்டே நம் பேராவூரணி இளைஞர்களும் விவசாயிகளும் கைக்காசு போட்டுப் பெரியகுளத்தைத் தூர்வாரினார்கள்.

படித்துக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளுக்கு நான் சொல்ல விரும்புவது இவ்வளவே. எந்த இயந்திரத்தை வடிவமைத்தாலும், எவ்வளவு உள்ளே வரும் என்று கணக்குப் போடும் அதே தாளில், மிஞ்சினால் எவ்வளவு வெளியே போக முடியும் என்ற கணக்கையும் போடுங்கள். முதல் கணக்கு வண்டியை ஓடவைக்கும். இரண்டாவது கணக்கு அதை வீடு வந்து சேரவைக்கும்.

சங்கம் வளர்க! கல்லூரி வாழ்க!